வைக்கோல் தொப்பிக்காரரின் தோட்டம்

எமிலியானாவுக்குப் பலேர்மோவில் ஒருவரை நன்றாகத் தெரியும். அவருடைய பெயர் தெரியாது, முகமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு வைக்கோல் தொப்பி, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கை, அந்தக் கை விடிகாலையில் எழும்பி இறங்குவது, அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒருவரைத் தெரியும் என்று சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவளுக்கு அந்த நகரத்தில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள், கோயில் ஆட்கள் இருந்தார்கள், கலியாணவீட்டில் கண்டால் கட்டிப்பிடிக்கிற பெண்கள் இருந்தார்கள். ஆனால் எமிலியானா இன்றைக்கு எழும்பிவிட்டாளா என்று ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கை ஒன்றுதான் என்று அவள் நம்பினாள்.

மன்னாரில் பேசாலைதான் அவளுக்குப் பிறந்த இடம். தங்கைமாரையும் தம்பியையும் ஆளாக்கவென்று இத்தாலிக்கு வந்தாள். எல்லோரையும் ஒரு கரையில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, தனக்கென்று வைத்திருந்த வயது செலவாகிப் போயிருந்தது. அதைச் சொல்லி அவள் மூக்குச் சிந்தியதில்லை. அதற்கு நேரமும் கிடைக்கவில்லை. பலேர்மோவின் பழைய பகுதியான கால்சாவில், பலாத்சோ என்று சொல்லும் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில், படுக்கையோடு கிடந்த வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா லெத்தீத்சியாவைப் பார்ப்பது அவளுடைய வேலை. குளிக்கவார்ப்பது, ஊட்டுவது, திருப்பிப் படுக்கவைப்பது, திட்டு வாங்குவது, அன்று பின்னேரமே அந்தத் திட்டுக்கு மன்னிப்பும் வாங்குவது என்று பதினேழு வருடம் அங்கேயே போயிற்று.

அந்த வீட்டின் மற்ற ஜன்னல்களெல்லாம் எதிர்வீட்டார் உடுப்புக் காயப்போடும் கொடிகளைத்தான் காட்டின. சமையலறை ஜன்னல் மட்டும் பின்வீட்டுத் தோட்டத்துக்கு மேலே திறந்தது. தோட்டமும் முழுதாகத் தெரியாது. சுற்றிவர உயர்ந்த மதில். உள்ளே விழுது விட்ட ஒரு பெரிய ஃபிக்குஸ் மரம் எல்லாவற்றுக்கும் மேல் பச்சைக் கூரை போட்டிருந்தது. கூரையில் ஒரேயொரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ளால் ஆட்கள் இருக்கிற ஒரு கல் வாங்கின் நுனியும், பக்கத்தில் ஒரு சிறிய மரமும் தெரியும். மாரிகாலத்தில் அந்தச் சிறிய மரம் இலை முழுவதையும் கொட்டிவிட்டு, கிளை நுனிகளில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். குளிரில் பூக்கிற மரம் என்று எமிலியானா அதைப் பார்த்துப் பார்த்து ஆச்சரியப்படுவாள். எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ பைப்பை ஒழுங்காகப் பூட்டுவதில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

விடிந்ததும் கோப்பியை அடுப்பில் வைத்து, ஜன்னலைத் திறந்து, தேவமாதா பிரார்த்தனையைத் தொடங்குவாள். வாய்விட்டுத்தான். மனதுக்குள் செபிப்பது அவளுக்குச் சரிவரவில்லை. சத்தம் வராத செபம் எங்கே போய்ச் சேரும் என்பது அவளுடைய கட்சி. பிரார்த்தனை என்றால், ஒருவர் மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, கூடி இருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்லவேண்டும். பதில் சொல்ல ஆளில்லாத அந்த வீட்டில் இரண்டு பக்கத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். பெயரை ராகமாக இழுத்துச் சொல்லுவாள். பதிலைக் குரலைத் தாழ்த்தி, வேறு யாரோ சொல்வதுபோலச் சொல்லுவாள். உள்ளறையிலிருந்து சிஞ்ஞோரா, “உன் மாதாவுக்குக் காது மந்தமா?” என்று கேட்டுச் சிரிப்பார்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு காலை, பிரார்த்தனையின் நடுவில், கீழே அந்த இடைவெளியில் ஒரு வைக்கோல் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு கை எழும்பியது. எமிலியானா திடுக்கிட்டு ஜன்னல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். வாய் மட்டும் பிரார்த்தனையை விடவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தாள். கை இறங்கி, திரும்பவும் எழும்பியது. கெட்ட கையாகத் தெரியவில்லை. மெதுவாக, நிதானமாக, காலை வணக்கம் சொல்கிற கையாகத்தான் தெரிந்தது. சில நாட்கள் பார்த்துவிட்டு, ஒரு காலை இவளும் செபத்தை நிறுத்தாமலே தன் கையை உயர்த்தினாள்.

அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. அவர் ஒருதடவை காட்டிவிட்டு ஓய்கிறவர் இல்லை. அவள் பிரார்த்தனை முடிக்கும்வரை திரும்பத் திரும்பக் காட்டுவார். ‘இந்த மனுசனுக்குக் கை உளையாதோ’ என்று அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள். சிஞ்ஞோரா எழும்பிக் கூப்பிட்டதும் ஜன்னலை விட்டுப் போய்விடுவாள். பிறகு நாள் முழுக்க அங்கே எட்டிப்பார்க்க நேரம் கிடைக்காது.

இதை அவள் சொன்னது ஒரே ஒருத்தியிடம்தான். அமலினி அவளோடு ஒரே பங்கில் செபமாலை சொல்கிறவள், போர்கோ வெக்கியோவில் குடியிருப்பவள், வாய்க்காரி. கோயில் வாசலில் கண்டால் சுகம் விசாரிக்க முதலே, “உன்ரை தொப்பிக்காரர் எப்பிடி இருக்கிறார்?” என்றுதான் கேட்பாள். எமிலியானா கோபப்படுவதுபோலக் காட்டுவாள். உள்ளுக்குள் அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கும்.

அமலினிக்கும் சொல்லாத ஒரு காலை இருந்தது. வன்னியில் சண்டை முடிகிற காலம். தம்பி விமலராஜ் மனைவி பிள்ளையோடு உள்ளே அகப்பட்டிருந்தான். மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அன்று எமிலியானா ஜன்னலைத் திறந்தாள், ஆனால் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. கோப்பி பொங்கி வழிந்து கருகியது. அவள் கீழே பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று மாடி உயரம் அன்று அவளுக்கு உயரமாகவே தெரியவில்லை. கீழே தொப்பி இருந்தது, ஆனால் கை அசையவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு அந்தக் கை தானாக எழும்பியது. இறங்கியது. திரும்பவும் எழும்பியது. தொடங்கு, தொடங்கு என்று சொல்வதுபோல இருந்தது. அவள் அழுதுகொண்டே தொடங்கினாள். தம்பி குடும்பத்தோடு முகாமில் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி கோடையில் வந்தது. அந்தக் கை எழும்பியிராவிட்டால் செய்தி வரும்போது தான் இருந்திருப்பேனா என்று யோசிக்க, இன்றைக்கும் அவளுக்குப் பயம்.

இந்த வருடம் தவக்காலத்தில் சிஞ்ஞோரா லெத்தீத்சியா நித்திரையிலேயே போய்விட்டார். மிலானிலிருந்து வந்த பிள்ளைகள் அழுதார்கள், அடக்கம் செய்தார்கள், ஜன்னல்களை அடைத்தார்கள், வீட்டை விற்க ஒழுங்குசெய்தார்கள். எமிலியானா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அமலினியின் வீட்டுக்குப் படுக்கப் போனாள். பகலில் மட்டும் வந்து, கோப்பைகளைப் பழைய பத்திரிகையில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். தம்பியின் மகன் ஜெனிஸ்டன் வடக்கே ரெஜ்ஜோ எமிலியா நகரத்திலிருந்து போன் எடுத்தான்.

“மாமி, இனி அங்கை என்ன இருக்கு? இஞ்சை வாங்கோ. உங்களுக்கு அறை ஒழுங்குபண்ணியாச்சு.”

“ஓம் தம்பி, வாறன்,” என்றாள். செவ்வாய்க்கிழமைக்கு ரயில் பதிந்தான்.

போவதில் அவளுக்குத் துக்கமில்லை. ஒரேயொரு விசயம்தான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கு முன்னால் ஒருதடவை நின்று, ‘நான்தான்’ என்று சொல்லவேண்டும். அவர் ‘ஓ, நீயா’ என்று சொன்னால் போதும். இவ்வளவு காலம் இந்த ஊரில் அவள் துடைத்த தரையெல்லாம் காய்ந்துவிட்டது, கழுவிய ஆளும் போய்விட்டார். தன்னைக் கண்டு வைத்திருந்த ஒருவராவது இங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு ரயில் ஏறவேண்டும். ஆனால் மதில்வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொல்வது? பெல் அடிக்கப் போய், தெருமுனையிலிருந்தே இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்த அமலினி, செருப்பைக் கழற்ற முதலே கதை தொடங்கினாள்.

“வியா மக்வேதாவிலை போஸ்டர் ஒட்டியிருக்கு. கால்சாவிலை தனியார் வீட்டுத் தோட்டமெல்லாம் இந்த ஞாயிறு சனங்களுக்குத் திறந்து விடினமாம். உன்ரை மதில்வீடும் இந்த வருசம்தான் புதுசாச் சேந்திருக்கு.”

எமிலியானா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

“உண்மையாவோ?”

“நான் ஏன் பொய் சொல்லுறன்? தெருப்பெயரை இரண்டு தரம் வாசிச்சனான்.”

ஞாயிறு பூசை முடிந்ததும் எமிலியானா திருநாளுக்குக் கட்டும் பச்சைச் சேலையோடு வந்து நின்றாள். கையில் ஒரு ரின். அதற்குள் முதல்நாள் இரவு சுட்ட பயத்தம் பணியாரம். அமலினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தோட்டம் பாக்கப் போறியோ, மாப்பிளை பாக்கப் போறியோ?”

“வாயை மூடிக்கொண்டு வா. அந்த மனுசனுக்குத் தொண்ணூறு வயசு இருக்கும்.”

“முகமே பாக்காத ஆளின்ரை வயசு உனக்கு எப்பிடித் தெரியும்?”

“கையைப் பாத்தாத் தெரியாதோ.”

கால்சாவின் தெருக்கள் அன்று வேறு யாருடைய நித்திரையிலோ வருகிற தெருக்களாக இருந்தன. எப்போதும் பூட்டிக் கிடக்கும் கதவுகள் விரியத் திறந்திருந்தன. பொருக்கு உதிர்ந்த சுவர்களுக்குப் பின்னால் இவ்வளவு பச்சை இருந்ததா என்று நம்பமுடியவில்லை. சனங்கள் மெல்லிய குரலில் கதைத்தபடி ஒரு வாசலால் நுழைந்து இன்னொன்றால் வெளியே வந்தார்கள். ஒரு தோட்டத்தில் மீன்கள் நின்ற இடத்திலேயே நீந்தின. இன்னொன்றில் ஒரு பூனை, வந்த எல்லோரையும் வீட்டுக்காரி மாதிரிப் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் படுத்திருந்தது. எமிலியானா எதிலும் நிற்கவில்லை, ஆனால் அவசரப்படவும் இல்லை. அவசரப்பட்டால் கலைந்துவிடும் என்று பயந்தவள்போல நடந்தாள்.

மதில்வீட்டின் கதவு நீலமாக இருந்தது. உள்ளே கால் வைத்ததும் வெயில் நின்றுவிட்டது. மேலேயிருந்து பார்த்த பச்சைக் கூரைக்குக் கீழே இப்போது அவள் நின்றாள். ஃபிக்குஸின் விழுதுகள் நிலத்தில் இறங்கித் தூண்களாக நின்றன. தோடை மரங்களின் கடைசிப் பூக்கள் உதிர்ந்து வழியெல்லாம் வாசம். அவற்றுக்கு நடுவில் கல்லால் கட்டிய ஒரு சின்ன வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. இத்தனை வருடமும் அவள் குறை சொன்ன பைப் அதுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தான் நடப்பது தன் காதுக்குக் கேட்கவில்லை.

சிறிய மரத்தடியில் ஒரு கூட்டம் நின்றது. குட்டையாகத் தலைமுடி வெட்டிய, ஐம்பது தாண்டிய ஒரு பெண் அவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அந்த வீட்டுக்காரரின் மகள், பெயர் ஜூசி. எமிலியானா நிமிர்ந்து பார்த்தாள். துளிர் விட்ட கிளைகளின் நுனியில் இன்னும் சில வெள்ளைகள் மிச்சமிருந்தன. அவை பூக்கள் இல்லை. முட்டைக் கோதுகள். பொமேலியா என்ற இந்த மரத்தின் நுனிகளைக் குளிர் சுட்டுவிடாமல் மாரிகாலத்தில் கோது கவிழ்த்து வைப்பது பலேர்மோக்காரரின் வழக்கம் என்று ஜூசி சொன்னாள்.

“இதையோ நீ குளிரிலை பூக்கிற மரம் எண்டனி?” என்று அமலினி காதுக்குள் கேட்டாள். “வீட்டுக்கு வீடு பல்கனியிலை வைச்சிருக்கினம். நீ றோட்டிலை குனிஞ்சுகொண்டோ நடக்கிறனி?”

எமிலியானாவின் கண் மரத்துக்குப் பக்கத்தில் போயிற்று. கல் வாங்கு அங்கே இருந்தது. அதன் நுனியில் வைக்கோல் தொப்பி இருந்தது. முதலில் அவள் தொப்பியைப் பார்க்காமல் மேலே பார்த்தாள். இலைகளின் இடைவெளியில், வெகு உயரத்தில், அடைத்த பச்சை ஜன்னல் தெளிவாகத் தெரிந்தது. இங்கேயிருந்து பார்த்தால் தெரிகிறது என்பது போதும். அவளுடைய கால்கள் தாமாக நடந்தன.

தொப்பிக்குக் கீழே மெலிந்த, நன்றாக மழித்த முகம். எமிலியானா அவருக்கு நேரே நின்று, எப்போதும்போலத் தன் கையை உயர்த்தினாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. அவருடைய பார்வை அவளுடைய தோளுக்கு அப்பால் எங்கேயோ நின்றது.

“சிஞ்ஞோரே,” என்று இத்தாலிய மொழியில் சொன்னாள். “நான்தான். மேலே, மூன்றாம் மாடி ஜன்னல்.”

“எந்த ஜன்னல்?” என்றார் அவர்.

ஜூசி விரைந்து வந்தாள். “மன்னியுங்கள், சிஞ்ஞோரா. அப்பாவுக்குக் கண் தெரியாது. நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே போய்விட்டது.”

எமிலியானா உயர்த்திய கையை இறக்கினாள். ஜூசி படித்த காலம் என்றால், அவள் இந்த ஊருக்கு வரமுதலே அவருக்குப் பார்வை போய்விட்டது. ஒருநாளும் அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் காட்டிய கையெல்லாம் வேறு எதற்கோ. பதினேழு வருடம் அவள் ஜன்னலில் நின்று காற்றுக்குக் கை காட்டியிருக்கிறாள். முகம் சுட்டது. பச்சைச் சேலையும் பணியார ரின்னும் அவளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. அமலினி ஒரு பகிடியும் விடாமல் அவளுடைய முழங்கையைப் பிடித்தாள்.

“வா, போவம்,” என்றாள் மெதுவாக.

அவர்கள் திரும்பும்போது கிழவர் கேட்டார். “மூன்றாம் மாடியா? அப்படியென்றால் அந்த ரேடியோ உங்களுடையதா?”

“அப்பா, திரும்பத் தொடங்கவேண்டாம்,” என்று ஜூசி சங்கடப்பட்டாள். பிறகு எமிலியானாவைப் பார்த்து விளக்கினாள். “விடிகாலையில் மேலேயிருந்து ஒரு ரேடியோ கேட்குமாம். ஏதோ தூர தேசத்து மொழியில் மாதாவின் பிரார்த்தனை போகுமாம். நான் அந்த நேரம் எழும்புவதில்லை, கேட்டதில்லை. அப்பா இளவயதில் இங்கே பெரிய வெள்ளி ஊர்வலத்தில் முன்னால் போகிறவர். சனங்கள் பதில் சொல்லவேண்டிய இடத்தில் கையை உயர்த்தி அடையாளம் காட்டுவார். இப்போதும் இந்த வாங்கில் இருந்துகொண்டு அதையே செய்கிறார். தவக்காலத்தில் ரேடியோ நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.”

“மொழி தெரியாது,” என்றார் கிழவர். “ஆனால் அது எந்தப் பிரார்த்தனை என்று தெரியும். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. நடுவில் மரியாவின் பெயர் வரும். வேறு என்ன வேண்டும்? முன்பும் ஒருதடவை நின்றது. வெகுகாலம் முன்னர், ஒரு வசந்தகாலத்தில். அன்று நானே தொடங்கினேன், பிறகு அது வந்துவிட்டது.” அவர் முழங்காலில் கிடந்த தன் கையைத் தடவினார். “இந்த முறையும் நானே எத்தனையோ காலை தொடங்கிப் பார்த்தேன். வரவில்லை. கண்ணுக்குப் பிறகு காதும் போய்விட்டது என்று இருந்தேன்.”

எமிலியானாவின் கண்களால் தண்ணீர் இறங்கியது. கருகிய கோப்பியின் மணம் அவளுக்கு அந்தக் கணமே மூக்கில் ஏறியது. அமலினி, “என்னடி, என்ன சொல்லுறார்?” என்று கேட்டாள். அமலினிக்கு இத்தாலிய மொழி நன்றாகவே தெரியும். ஆனாலும் கேட்டாள். எமிலியானா ரின்னை அவளுடைய கையில் கொடுத்துவிட்டு, கல் வாங்கில் கிழவருக்குப் பக்கத்தில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை அவள் ரயில் ஏறத்தான் போகிறாள். அது மாறப்போவதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். முன்னால் அந்நிய சனங்கள் நின்றார்கள். தோட்டம் பார்க்க வந்த இடத்தில் இந்தப் பெண் என்ன செய்யப்போகிறாள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவள் எப்போதும்போல வாய்விட்டு, ராகமாக இழுத்துத் தொடங்கினாள்.

“விடியற்காலத்தின் நட்சத்திரமே...”

கிழவரின் முகம் அவளுடைய பக்கம் சட்டென்று திரும்பியது. வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. பிறகு அந்தக் கை, அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் கை, முழங்காலிலிருந்து மெதுவாக எழும்பியது.

“பிரேகா பெர் நோய்,” என்று எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற பதிலைத் தன் மொழியில் சொன்னார்.

அவள் அடுத்த பெயரைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் பதினேழு வருடப் பழக்கத்தில் பதிலும் அவளுடைய தொண்டைக்கு வந்துவிட்டது. எமிலியானா வாயை மூடிக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.